கலகக் கூட்டம் ஒன்று தாய்நாட்டின் காவல்படையாக மாறுவதை மிகுபுனைவு நாவலில் நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: அந்நியப் பேரரசை எதிர்த்துக் கடலுக்கு ஓடிய ஒரு கூட்டம் முதல் பாகத்தில் கொள்ளையடித்துப் பிழைக்கிறது, இரண்டாம் பாகத்தில் அதே கூட்டம் நாட்டின் காவலர்கள். படித்துப் பார்த்த நண்பர்களோ "இவங்க எப்படி திடீர்னு நல்லவங்க ஆனாங்க?" என்று கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்பது நியாயம்தான். இந்த வகைக் கதைகளில் வழக்கமாக நடப்பது என்ன? தலைவன் ஒரு கிராமம் எரிவதைப் பார்ப்பான், கண் கலங்குவான், சபதம் எடுப்பான், அடுத்த அத்தியாயத்தில் எல்லோரும் ஒரே நிறச் சீருடையில் நிற்பார்கள். வாசகர் நம்பமாட்டார். கொள்ளையடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விடலாம் என்ற வசதி இருக்கும்வரை எந்தக் கூட்டமும் மாறாது. முதலில் அந்த வசதியைப் பிடுங்குங்கள். மனமாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு அச்சு அசலான வரலாற்று உதாரணம் ஒன்று இருக்கிறது: ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்த 16ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தின் 'கடல் பிச்சைக்காரர்கள்'. உங்கள் கதையும் கடலில் நடப்பதால் இதையே அடித்தளமாக வைத்துச் சொல்கிறேன்.

1566 ஏப்ரலில் சில நூறு பிரபுக்கள், புராட்டஸ்டண்டுகளை வேட்டையாடிய கத்தோலிக்க மத விசாரணைக் கெடுபிடியைத் தளர்த்தச் சொல்லி பிரஸ்ஸல்ஸில் மனு கொடுத்தார்கள். அரசவையில் ஒருவர் அவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று இளக்காரமாகச் சொன்னதாகவும், அவர்கள் அதையே பட்டமாக எடுத்துக்கொண்டதாகவும் வரலாறு. கவனிக்க வேண்டியது அவர்கள் அணிந்த பதக்கத்தின் வாசகத்தை: திருவோடு ஏந்தும் நிலை வந்தாலும் அரசருக்கு விசுவாசமாக இருப்போம் என்று அதில் இருந்தது. எந்தக் கலகக்காரனும் முதல் நாளில் தன்னைக் கலகக்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை. ராஜா நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் சரியில்லை என்றுதான் ஆரம்பிப்பான். உங்கள் கூட்டம் முதல் பக்கத்திலேயே "பேரரசு ஒழிக" என்று கத்தினால் அது இந்தக் காலத்துக் குரல். ஸ்பெயின் அரசரை முறைப்படி கைவிடுகிறோம் என்று டச்சு மாகாணங்கள் அறிவித்தது 1581இல்; அதற்குள் சண்டை பதின்மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

1567இல் கலகத்தை அடக்க ஸ்பெயின் அரசர் அனுப்பிய ஆல்பா பிரபு ஏறத்தாழ 10,000 படைவீரர்களோடு வந்தார். அவர் அமைத்த நீதிமன்றம் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. தப்பியவர்களில் ஒரு பகுதி கப்பலேறியது. பிரபு வீட்டுப் பிள்ளைகள், சொத்து பறிபோன வணிகர்கள், வேலையற்ற மாலுமிகள், வெறும் கொள்ளைக்காரர்கள் என்று எல்லோரும் கலந்த கூட்டம் அது. கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சு இளவரசர் வில்லியம் இவர்களுக்கு எதிரிக் கப்பலைப் பிடிக்கும் அனுமதிப் பத்திரம் கொடுத்தார். ஆரஞ்சு என்பது தனிச் சிற்றரசு. அதன் அதிபதி என்ற முறையில் அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. உங்கள் கதையிலும் இப்படி ஒரு தாள் வேண்டும். தாள் இல்லாதவன் பிடிபட்டால் நேரே தூக்குமரம். தாள் இருந்தாலும் பெரும்பாலும் தூக்குதான். ஆனால் மூன்றாம் நாட்டுத் துறைமுகத்தில் சரக்கை விற்க அந்தத் தாள் உதவும். கொள்ளையில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு, ஒவ்வொரு கப்பலிலும் ஒரு போதகர் என்றெல்லாம் வில்லியம் 1570இல் விதிமுறை போட்டார். கடலில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அதையும் எழுதுங்கள்: விதி முதலில் வருகிறது, கீழ்ப்படிதல் வர ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது முக்கியமான இடம். இவர்கள் ஒதுங்கிய துறைமுகங்களில் இங்கிலாந்துக் கரையும் ஒன்று. ஸ்பெயினோடு உறவைச் சரிக்கட்ட வேண்டிய நேரம் வந்ததும், 1572 மார்ச்சில் எலிசபெத் ராணி இவர்களைத் துறைமுகங்களிலிருந்து விரட்டினார். இது எவ்வளவு பெரிய அடி என்று புரியக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டத்தில் 600 பேர் என்று வையுங்கள். உடலுழைப்புக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 700 கிராம் தானியம் என்றால் ஒரு நாளைக்கு 420 கிலோ, மாதத்துக்குப் பன்னிரண்டரை டன். குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் தினம் 1,800 லிட்டர் நன்னீர். பீப்பாய்த் தண்ணீர் வாரக்கணக்கில் நல்லபடியாக இருக்காது. ஆகவே துறைமுகம் இல்லாத கடல்கொள்ளைக் கூட்டத்தின் ஆயுள் சில வாரங்கள்தான். கதையில் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டாம். ஒரு சமையல்காரர் மூட்டைகளை எண்ணுவதைக் காட்டினால் போதும்.

ஏப்ரல் 1ஆம் தேதி, பசியோடு அலைந்த அந்த இருபத்துச் சொச்சம் கப்பல்கள் மாஸ் ஆற்று முகத்தில் பிரீல் என்ற சிறு நகரத்துக்கு வந்தன. அங்கிருந்த ஸ்பானியக் காவல்படை வேறிடத்துக்குப் போயிருந்தது. தூது போன படகோட்டியிடம் எத்தனை பேர் என்று நகரத்தார் கேட்க, அவன் கூசாமல் ஐயாயிரம் என்றானாம். உண்மையில் சில நூறு பேர். ஒரு வாசலில் தாரும் வைக்கோலும் வைத்துக் கொளுத்தி, பாய்மரத் தண்டால் இடித்து உள்ளே போனார்கள். தேவாலயங்களைச் சூறையாடினார்கள். தலைவர் லூமேயின் எண்ணம், எடுத்ததை ஏற்றிக்கொண்டு கிளம்புவது. அந்த ஊரை நன்கறிந்த ட்ரெஸ்லோங் என்ற கப்பல் தலைவர்தான், போக இடமில்லை, இங்கேயே இருப்போம் என்று பேசி நிறுத்தியவர்.

உங்கள் நாவலின் திருப்பம் இந்த இரவில் இருக்க வேண்டும். வீர உரை எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் மூட்டை கட்டுகிறவர்கள், இன்னொரு பக்கம் வாசலை மறுபடி எப்படி அடைப்பது என்று பார்க்கிறவர்கள்.

சில நாளில் ஹாலந்தின் அரச ஆளுநர் பொசூ படையோடு மீட்க வந்தார். அப்போது ரோக்கஸ் என்ற உள்ளூர்த் தச்சர் நீந்திப் போய்க் கோடாலியால் மதகை வெட்டித் திறந்துவிட்டார். வயல் முழுக்க வெள்ளம். பொசூவின் ஆட்கள் குறுகலான கரைமேல் மட்டும் வர முடிந்தது. அங்கே பீரங்கி காத்திருந்தது. அதே நேரத்தில் அவர்கள் வந்த கப்பல்களில் சிலவற்றுக்குத் தீ வைக்கப்பட்டது. மதகை வெட்டியவர் கடல் பிச்சைக்காரர் இல்லை, ஊர்க்காரர். ஆக்கிரமித்தவர்களுக்காகத் தன் ஊர் நிலத்தில் தானே தண்ணீர் விட்ட ஆள். கூட்டம் காவல்படையாக வேண்டுமென்றால், ஊர்க்காரர் ஒருவர் தன் கையால் எதையாவது இழக்கும் இப்படி ஒரு காட்சி இல்லாமல் முடியாது. அந்தப் பாத்திரத்துக்குப் பெயரும் தொழிலும் கொடுங்கள்.

அடுத்தது, பலரும் தாண்டிக் குதித்துவிடும் பகுதி: பழைய பாவக் கணக்கு. அதே 1572 ஜூலையில் கோர்கும் நகரில் பிடிபட்ட 19 கத்தோலிக்கத் துறவிகளையும் குருக்களையும் பிரீலுக்குக் கொண்டுவந்து லூமே தூக்கிலிட்டார். விடச் சொல்லி வில்லியமிடமிருந்து கடிதம் வந்திருந்தும் கேட்கவில்லை. லூமே சாதாரண வில்லன் இல்லை. ஆல்பா தலை வெட்டிய எக்மாண்ட் பிரபுவின் உறவினர், பழி தீரும்வரை முடி வெட்டுவதில்லை என்று சபதம் போட்டவர் என்பார்கள். கலகக் கட்டத்தில் இந்த வெறிதான் கூட்டத்தை உயிரோடு வைத்திருந்தது. ஊரைப் பிடித்து உட்கார்ந்த பிறகு அதே வெறி வரி கட்டுகிற குடிகளை விரட்டியது. 1573 தொடக்கத்தில் லூமேயின் பதவி பறிக்கப்பட்டது, சிறைவைக்கப்பட்டார். பிறகு நாட்டை விட்டே போனார்.

முதல் பாகத்தின் நாயகன் இரண்டாம் பாகத்தில் தடையாகிவிடுகிறான் என்பதுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது. அவனைச் சண்டையில் வீரமரணம் அடையவைத்துத் தப்பிக்காதீர்கள். அது எழுத்தாளருக்கு வசதி, கதைக்கு நஷ்டம். சொந்த ஆட்களே கைது செய்யட்டும். கைது செய்யப் போகிறவனை ஒரு காலத்தில் அவன் காப்பாற்றியிருக்கட்டும். தாமதத்தையும் காட்டுங்கள்: துறவிகள் செத்தது ஜூலையில், நடவடிக்கை வந்தது ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து. லூமேயும் அவருடைய ஆட்களும் தேவைப்பட்டதால் வில்லியம் பொறுத்துக்கொண்டார். இந்தப் பொறுத்துப்போதல்தான் வாசகரை நெளியவைக்கும். அந்த நெளிவு கதைக்கு நல்லது.

காசு எங்கிருந்து வந்தது? கொள்ளைப் பங்கில் ஒரு நிரந்தரக் கடற்படையை நடத்த முடியாது. கொள்ளை கிடைக்காத மாதம் கப்பல் காலியாகிவிடும். டச்சுக்காரர்கள் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. எதிரி நாட்டோடு வணிகம் செய்ய உரிமக் கட்டணம் வாங்கினார்கள், வணிகக் கப்பலுக்குத் துணை போகக் காவல் கட்டணம் வாங்கினார்கள், அந்தப் பணத்தில் எதிரியோடு சண்டை போட்டார்கள். 1597இல் ஐந்து கடற்படை வாரியங்கள் முறையாக அமைந்தபோது இந்த இரண்டு கட்டணங்களும்தான் அவற்றின் முதன்மை வருமானம். நாவலில் இதை வைத்தால் சண்டைக்குப் பஞ்சமே இருக்காது: பழைய கலகக்காரன் ஒருவன், தன் அண்ணனைக் கொன்ற பேரரசுக்குத் தானியம் ஏற்றிப்போகும் கப்பலுக்குத் துணையாக அனுப்பப்படுகிறான். அவன் என்ன செய்வான்?

திறமை விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. காவல்படை ஆனதும் கூட்டத்துக்குப் புதிதாக வாள்பயிற்சி, அணிவகுப்பு என்று எழுதுகிறார்கள். தேவையில்லை. திருட்டுத் தொழிலில் கற்றதே காவலுக்கும் உதவும். பிச்சைக்காரர்களுக்குத் தெரிந்தது மணல்திட்டு, கடல்நீரின் ஏற்ற இறக்கம், எந்த வாய்க்காலில் எத்தனை அடி ஆழம் என்பவை. 1574இல் லெய்டன் நகரம் ஸ்பானிய முற்றுகையில் பட்டினி கிடந்தபோது ஆகஸ்டில் கரைகளை வெட்டி வயல்வழியே கடலை உள்ளே விட்டார்கள். தளபதி புவாசோ தட்டையடிப் படகுகளில் வந்தார். ஆனால் தண்ணீர் போதாமல் படகுகள் சேற்றில் தட்டி நின்றன; வாரக்கணக்கில் நகர முடியவில்லை. கடைசியில் புயற்காற்றும் பெரிய ஓதமும் சேர்ந்து நீரை ஏற்றியபோதுதான் வழி கிடைத்தது. அக்டோபர் 3ஆம் தேதி ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியுமாக நகருக்குள் போனார்கள். அதற்குள் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் பசியிலும் நோயிலும் செத்திருந்தார்கள். 1588இல் இங்கிலாந்தைப் பிடிக்க ஸ்பானிய அர்மடா என்ற பெருங்கப்பற்படை வந்தபோதும் இதே உத்திதான்: ஆழம் குறைந்த டன்கிர்க் கரையில் டச்சுச் சிறுகப்பல்கள் காவல் நின்றன, அதோடு சேரக் காத்திருந்த ஸ்பானியத் தளபதி பார்மா பிரபுவின் படைப் படகுகள் வெளியே வர முடியவில்லை. அர்மடாவின் பெரிய கப்பல்களால் அந்த மணல்திட்டுப் பக்கம் நெருங்கவும் முடியவில்லை.

உங்கள் உலகில் மந்திரம் உண்டு என்கிறீர்கள். நீரை அழைக்கும் மந்திரக்காரி ஒருத்தி கரை வெட்டும் வேலையைச் செய்வதாக வைக்கலாம். ஆனால் செலவைச் சொந்த மக்கள் தலையில் வையுங்கள். உப்புநீர் நின்ற வயல் உடனே விளையாது; மழை உப்பைக் கழுவி இறக்கச் சில ஆண்டுகள் ஆகும், களிமண்ணில் இன்னும் மோசம். கரையை மறுபடி கட்ட ஆளும் பணமும் வேண்டும். மந்திரம் வயலை மறுநாளே பழையபடி ஆக்கிவிட்டால் காவலர்கள் எதையும் பணயம் வைக்கவில்லை என்று ஆகிவிடும்.

எதிரியையும் வீணாக்காதீர்கள். பிரீலைத் தாக்கிய அதே பொசூ 1573 அக்டோபரில் உள்கடல் போரொன்றில் பிடிபட்டு ஹூர்ன் நகரில் சிறையிருந்தார். அவருடைய தலைமைக் கப்பலின் பெயரே 'இன்க்விசிசன்', அதாவது மத விசாரணை. 1576இல் மாகாணங்கள் தங்களுக்குள் சமரசம் ஆனதும் விடுதலையாகி, பிறகு கலகக்காரர் தரப்பின் படைக்கே தலைமை வகித்தார். கற்பனையில் எழுதினால் 'நம்பும்படி இல்லை' என்பார்கள். ஆகவே இடையில் மூன்றாண்டுச் சிறைவாசத்தை மறக்காமல் வையுங்கள்.

கால அளவு: மனு 1566, பிரீல் 1572, வாரியங்கள் 1597. முப்பத்தோராண்டு. உங்கள் வரைவில் இதெல்லாம் ஒரே குளிர்காலத்தில் நடக்கிறது. குறைந்தது பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு இடைவெளி விடுங்கள். முதல் பாகத்தில் கப்பலில் எடுபிடியாக இருந்த சிறுவன் இரண்டாம் பாகத்தில் துறைமுகக் கணக்கராக வரட்டும். கலகத்தைப் பார்க்காத புதிய ஆட்கள் சம்பளத்துக்குச் சேரட்டும். பழையவர்கள் அவர்களை மதிக்கமாட்டார்கள்; அந்த உரசல் சும்மா கிடைக்கும் சரக்கு.

மூன்றாம் பாகம் எழுதும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. தன் நாட்டின் காவலன் அடுத்த நாட்டுக்கும் காவலனாக இருப்பதில்லை. கலகத்தில் பிறந்த அந்தக் குடியரசின் வணிகக் கம்பெனிதான் 1613இல் நம் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையிலிருந்து துணியோடு அடிமைகளையும் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. உங்கள் கூட்டம் வெளிக்கடலுக்குப் போகும் அத்தியாயத்தை, அவர்கள் போய் இறங்கும் கரையில் நிற்கிற ஒருவரின் பார்வையில் எழுதிப் பாருங்கள்.