கேட்டதும் சொன்னதும்: வார்சாவுக்குப் பக்கத்து லினன் ஊர்

சென்ற இதழில் களுவாஞ்சிக்குடித் தாயார் ஒருவர், போலந்துக்கு வேலைக்குப் போன தன் மகன் ஜிரார்டூவ் என்ற ஊரில் அறை எடுத்திருப்பதாகவும், அது எப்படிப்பட்ட ஊர் என்றும் கேட்டிருந்தார். “பழைய நெசவு ஊர், பயப்பட ஒன்றுமில்லை” என்று ஒரு வரியில் பதில் போட்டேன். அந்த வரி பலரைக் கிளப்பிவிட்டுவிட்டது. நெசவு என்ற சொல்லைக் கண்டதும் மருதமுனைக்காரர் சும்மா இருப்பார்களா? வந்த கடிதங்களில் பொறுக்கி, இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஊருக்கே கொடுக்கிறேன். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருளவும்.

ஐயா, “வார்சா எண்டு சொல்லித்தான் போனவன். இப்ப வேற ஊர்ப் பேர் சொல்றான். அது டவுனிலிருந்து சரியான தூரமா?”
— அதே வாசகி, களுவாஞ்சிக்குடி

இல்லை தங்கச்சி. வார்சாவுக்குத் தென்மேற்கே 45 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற தூரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பதாயிரம் பேர் மட்டில் வாழ்கிறார்கள். பகலில் தலைநகரில் வேலை, இரவில் இங்கே தூக்கம் என்று இருப்பவர்கள் அதில் நிறையப் பேர். வார்சாவையும் வியன்னாவையும் இணைத்த ரயில் பாதை 1845இலேயே இந்த வழியால் போட்டாகிவிட்டது. தம்பிக்குக் கோச்சி வசதிக்குக் குறைவில்லை.

இறங்கியதும் கண்ணில் படுவது சிவப்புச் செங்கல். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாலர் பாடசாலை, தேவாலயம் எல்லாம் பூச்சுப் பூசாத செங்கல்தான். காரணம் எளிது, இவை அநேகமாக ஒரே கம்பனியின் காலத்தில், அந்தக் கம்பனியின் தேவைக்காக எழுந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைக் குடியிருப்பு இவ்வளவு முழுமையாக மிஞ்சியிருக்கும் இடங்கள் ஐரோப்பாவில் அதிகமில்லை. 2012இல் போலந்து அரசு அந்தப் பகுதியை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

“நெசவு ஊர் என்று எழுதியிருந்தீர்கள். பருத்தியா, பட்டா? எங்கள் ஊரைப் போல கைத்தறியா?”
— ஒரு தறிக்காரர், மருதமுனை

இரண்டும் இல்லை சேர், லினன். ஆளிச் செடியின் தண்டிலிருந்து உரிக்கும் நார். இப்போது உடம்புக்கு நல்லது என்று கரண்டிக் கணக்கில் சாப்பிடுகிறார்களே ஆளிவிதை, அதே செடிதான். கைத்தறியும் இல்லை. முதல் நாளிலிருந்தே இயந்திர நூற்பு.

அந்த இயந்திரத்தில்தான் ஊரின் பெயரே இருக்கிறது. 1810இல் நெப்போலியன் ஓர் அறிவித்தல் விட்டார். ஆளி நாரை நூற்கும் நல்ல இயந்திரத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பத்து இலட்சம் பிராங்க் பரிசு. இங்கிலாந்தின் பருத்தித் துணிக்கு எதிராக பிரான்சிலேயே விளைகிற நாரைக் கொண்டு போட்டி போட வேண்டும் என்பது அவர் கணக்கு. பிலிப் டி ஜிரார் என்ற பொறியியலாளருக்கு அவருடைய தகப்பன், “இது உனக்குத்தான்” என்று சொல்லி அந்தப் பத்திரிகையை நீட்டியதாகவும், அவர் கொஞ்சம் நாரும் தண்ணீரும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அடைந்துகொண்டதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அதே ஆண்டு காப்புரிமை எடுத்துவிட்டார் என்பது உண்மை.

தறிக்காரர் கேட்டதால் நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆளி நார் நீளமாகத் தெரியும், ஆனால் அது உள்ளே சின்னச் சின்ன இழைகள் ஒருவகைப் பசையால் ஒட்டிக்கொண்டு நிற்பது. உலர்ந்தபடி இழுத்தால் முரட்டு நூல்தான் வரும். சூடான தண்ணீருக்குள்ளால் விட்டு எடுத்தால் பசை இளகும், இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அந்தக் கணத்தில் இழுத்து முறுக்கினால் மெல்லிய நூல் கிடைக்கும். ஈர நூற்பு இதுதான். மெல்லிய லினன் நூலுக்கு இன்றைக்கும் இதே வழிதான். நூற்கும் மண்டபத்தில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு ஆவியும் ஈரமும் என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பரிசு? ஒரு சதமும் கிடைக்கவில்லை. நெப்போலியன் விழுந்தார், வாக்கும் சேர்ந்து விழுந்தது. கடன்பட்ட ஜிரார் ஒஸ்ரியாவுக்குப் போனார், அங்கிருந்து 1820களில் போலந்துக்கு வந்து சுரங்கத் துறையில் பொறியியலாளராக இருந்தார். லுபியென்ஸ்கி என்ற பிரபுக் குடும்பத்துச் சகோதரர்கள் சிலரோடு கூட்டுச் சேர்ந்து லினன் ஆலை தொடங்க, அவருடைய மூளை அதற்குப் பயன்பட்டது. ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1830–31 கிளர்ச்சி அடங்கியபின், 1833இல் ரூடா குசோவ்ஸ்கா என்ற கிராமத்து நிலத்தில் ஆலை ஓடத் தொடங்கியது. கிராமப் பெயர் மங்கி, ஜிராரின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. மனுசன் கடைசிக் காலத்தில் பிரான்சுக்குத் திரும்பி 1845இல் பாரிசில் இறந்தார்.

“அந்த ஊரில் நடந்த வேலைநிறுத்தம் ஒன்று போலந்துத் தொழிலாளர் வரலாற்றில் முக்கியம் என்று விரிவுரையில் கேட்டேன். விபரம் தர முடியுமா?”
— பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் மகள். என்னைக் கேட்டால் இந்த ஊருக்கு ஜிராரின் பெயரைவிட நூல் சுற்றிய பெண்களின் பெயர் வைத்திருக்க வேண்டும்.

1857இல் ஆலை ஹீலே, டிட்ரிக் என்ற இரண்டு முதலாளிமாரின் கைக்குப் போனது. பொஹீமியாக்காரர்கள், அதாவது இன்றைய செக் நாட்டுப் பக்கம். அவர்கள் காலத்தில் ஆலை வீங்கிப் பெருத்து ஐரோப்பாவின் பெரிய லினன் ஆலைகளில் ஒன்றானது. தொழிலாளருக்குச் செங்கல் வீடு, பிள்ளைகளுக்குப் பராமரிப்பு இல்லம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய விசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீடும் கம்பனியுடையது, பள்ளிக்கூடமும் கம்பனியுடையது என்றால், வேலை போகிற அன்று கூரையும் போகும். எதிர்த்துக் கதைக்க யாருக்குத் துணிவு வரும்?

1883 ஏப்ரலில் அந்தத் துணிவு வந்தது. நூலைக் கண்டில் சுற்றும் பெண்களின் கூலியை நிர்வாகம் குறைத்தது. ஆலையில் மிகக் குறைந்த கூலி வாங்கியவர்களில் அவர்களும் அடக்கம், அதிலும் இளம் பெண்கள். அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நெசவாளரும் நூற்பவரும் பின்னால் சேர, சில நாட்களில் எண்ணாயிரம் பேர் மட்டில் வெளியே நின்றார்கள். அப்போது வார்சாவும் சுற்றுவட்டாரமும் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில். படை வந்தது, சுட்டது, மூன்று பேர் இறந்தார்கள். கடைசியில் கூலிக் குறைப்பை நிர்வாகம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. போலந்து மண்ணில் நடந்த முதலாவது பெரும் வேலைநிறுத்தம் என்று இதைத்தான் எழுதுகிறார்கள்.

கட்டுரை எழுதுவதாக இருந்தால் 1981 அக்டோபரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது ஆலை கம்யூனிச அரசுடையது. கடைகளில் சாமான் இல்லை. இதே ஊரின் ஆலைப் பெண்கள் உணவுத் தட்டுப்பாட்டைக் கண்டித்து வேலையை நிறுத்தினார்கள். முதலாளி மாறியிருந்தான், அடுப்பு மாறவில்லை.

“அங்கே எல்லாரும் கத்தோலிக்கரா? வேறு சமயத்தவர் இல்லையா?”
— ஒரு வாசகர், காத்தான்குடி

இப்போது அநேகமாகக் கத்தோலிக்கர்தான். ஆலையின் நல்ல காலத்தில் அப்படி இல்லை. கத்தோலிக்கப் போலந்துக்காரர், லூதரன் சபை ஜேர்மானியர், புரட்டஸ்தாந்துச் செக் குடும்பங்கள், யூதர், இயந்திரம் பார்க்க வந்த ஸ்கொட்லாந்துக்காரர் என்று ஒரே ஆலைச் சங்கொலிக்கு எழும்பியவர்கள் பலவிதம். பாவெல் ஹுல்கா லஸ்கோவ்ஸ்கி என்ற எழுத்தாளர் அந்தச் செக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதில் ஆலையில் வேலை செய்து, தானாகப் படித்து, மொழிபெயர்ப்பாளராகப் பெயரெடுத்தார்.

யூதரின் கதை 1941இன் தொடக்கத்தோடு முடிந்தது. ஜேர்மன் ஆக்கிரமிப்பாளர் அவர்களை வார்சாவின் அடைப்புக் குடியிருப்புக்குத் துரத்தினார்கள். அடுத்த வருடம் அங்கிருந்தவர்களில் பெரும்பாலோரை ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்கு ரயிலில் ஏற்றினார்கள்.

“ஜிரார்டூவுக்கும் கிறிஸ்டியன் டியோர் வாசனைத் திரவியத்துக்கும் தொடர்பு இருப்பதாக என் பொடியன் எங்கேயோ வாசித்தானாம். பொய்தானே?”
— ஒரு வர்த்தகர், அக்கரைப்பற்று

பொய் இல்லை. பொடியனைப் பாராட்டுங்கள். கதை கொஞ்சம் நீளம்.

முதலாம் உலகப் போரில், 1915இல், பின்வாங்கிய ரஷ்யப் படை ஆலையின் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தது. 1918இல் போலந்து மீண்டும் ஒரு நாடானது. 1920களில் ஆலை பிரெஞ்சுத் துணிக் கோடீஸ்வரர் மார்செல் பூசாக்கின் பிடிக்குள் போனது. ஆலையை உறிஞ்சிவிட்டு ஊரைக் காயவிடுகிறார்கள் என்ற ஆத்திரம் நாடு முழுக்க இருந்தது. 1932இல் வேலை இழந்த ஒருவர், ஆலையின் பிரெஞ்சு இயக்குநரை வார்சாவில் சுட்டுக் கொன்றார். நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. 1936இல் அரசுத் தரப்பு ஆலையை எடுத்துக்கொண்டது.

பூசாக் பாரிசில் தன் வியாபாரத்தைத் தொடர்ந்தார். 1946இல் டியோர் என்ற தையல் கலைஞருக்குப் பணம் போட்டு ஃபெஷன் இல்லம் திறக்க வைத்தவர் இவர்தான். பிறகு பூசாக்கின் துணிச் சாம்ராச்சியம் முறிந்தது. 1984இல் அதன் மிச்சத்தை பெர்னார்ட் ஆர்னோ வாங்கினார். துணி ஆலைகளில் அவருக்கு அக்கறை இல்லை, உள்ளே இருந்த டியோர்தான் தேவை. அதை வைத்துக்கொண்டு அவர் மேலே ஏறி, எல்விஎம்எச் என்ற உலகப் பெரும் ஆடம்பரப் பொருள் நிறுவனத்தைக் கையில் எடுத்தார்.

இப்போது ஜிரார்டூவுக்குத் திரும்பி வாருங்கள். அங்கே 1910இலிருந்து ஒரு மதுபான வடிசாலை இருக்கிறது. பெல்வெடேர் என்ற விலை உயர்ந்த வொட்கா அங்கேதான் வடிக்கிறார்கள், ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தில். அந்த வடிசாலையின் உரிமையாளர் யார் தெரியுமா? அதே எல்விஎம்எச். பூசாக் விட்டுப்போன ஊருக்கு, பூசாக்கின் சொத்திலிருந்து முளைத்த கம்பனி வேறு வாசலால் வந்து சேர்ந்திருக்கிறது. பங்குச்சந்தைக்காரருக்கு இது சாதாரணம். எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

“எங்கள் கடதாசி ஆலையைப் பற்றி நீங்கள் ஒருமுறை எழுதினீர்கள். அந்த லினன் ஆலை இப்போது ஓடுகிறதா?”
— ஓய்வுபெற்ற தொழிலாளி, வாழைச்சேனை

இல்லை அண்ணை. 1989க்குப் பிறகு சந்தை திறந்தது, மலிவுத் துணி வந்து குவிந்தது, 1990களில் ஆலை படிப்படியாகச் சரிந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. அங்கே இளம் வயதில் மின் தொழிலாளியாக இருந்த லெஷெக் மில்லர் பின்னாளில் பிரதமராகி, 2004இல் போலந்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோனார். ஆனால் அவருடைய ஆலை திரும்ப எழும்பவில்லை.

கட்டடங்கள் தப்பின. பழைய நூற்பு மண்டபத்தை அடுக்குமாடி வீடுகளாக மாற்றினார்கள். டிட்ரிக்கின் மாளிகை இன்று அருங்காட்சியகம். லினனுக்கென்று தனி அருங்காட்சியகமும் உண்டு, களுவாஞ்சிக்குடித் தம்பி ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கலாம்.

வாழைச்சேனையோடு ஒப்பிட உங்களுக்கு ஆசை இருக்கும். 1950களில் வைக்கோலை நம்பித் தொடங்கிய உங்கள் ஆலைக்கும் சுற்றியிருந்த குடும்பங்களுக்கும் இருந்த உறவு ஜிரார்டூவின் உறவைப் போன்றதுதான். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. அவர்களுக்கு ஆலை போனபோது காலையில் ஏறி வேலைக்குப் போய் மாலையில் திரும்ப ஒரு தலைநகர் பக்கத்தில் இருந்தது. வாழைச்சேனையிலிருந்து கொழும்புக்குக் கோச்சி ஏறினால் இரவு முழுக்க அதிலேதான். செங்கல்லைப் பாதுகாப்பதால் மட்டும் அவர்கள் பிழைக்கவில்லை, ரயிலால் பிழைத்தார்கள். அவர்களைப் பார்த்து இங்கேயும் ஆலையை அருங்காட்சியகமாக்குவோம் என்று யாராவது மேடையில் சொன்னால், அங்கே வேலை செய்யப் போகிறவர் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள்.

“அங்கே குளிர் எப்படி? மகனுக்கு என்ன கட்டி அனுப்பலாம்?”
— ஒரு தாய், ஆரையம்பதி (இவருடைய மகனும் போகிறாராம்)

ஜனவரியில் பனி கொட்டும், பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். கம்பளிச் சட்டையை அங்கே வாங்கட்டும், நம்மூர்ச் சுவெற்றர் அந்தக் குளிருக்குக் காணாது. பெட்டியில் மிச்சமுள்ள இடத்துக்கு மிளகாய்த்தூளும் கறித்தூளும் வையுங்கள். அரிசி அங்கே தாராளமாகக் கிடைக்கும்.