வாசகர் கேள்வி பதில்: ஐந்து ஊர் வேண்டாம், வெர்னாஸாவில் தங்குங்கள்

கேள்வி: அக்டோபரில் இத்தாலி போகிறோம். சிங்குவே டெர்ரேயின் ஐந்து கடலோர ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவும் கூட வருகிறார். முடியுமா?

பதில்: முடியும். லா ஸ்பெட்சியாவுக்கும் லெவாண்டோவுக்கும் நடுவே ஓடும் ரயில் ஐந்து ஊரிலும் நிற்கும், ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சில நிமிடங்கள்தான். ஆனால் அப்படிப் போனால் ஸ்டேஷன், கூட்டம், செல்ஃபி, மறுபடி ஸ்டேஷன் என்றே பொழுது போய்விடும். ஐந்தில் ஒன்றான வெர்னாஸாவில் இரண்டு இரவு தங்குங்கள். அம்மாவுக்கும் அதுதான் வசதி, ரயிலை விட்டு இறங்கினால் ஒரே தெரு, அது நேரே சின்னத் துறைமுகத்தில் போய் முடிகிறது. ஐந்தில் இன்னொன்றான கொர்னீலியாவோ உயரத்தில் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து 382 படி. அறை எடுக்கும்போது மட்டும் எத்தனை மாடி ஏற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வீடுகள், லிஃப்ட்டை எதிர்பார்க்க முடியாது.

காலையில் கூட்டம் வருமுன் அம்மாவைத் தண்ணீரை ஒட்டி நிற்கும் சாந்தா மார்கெரிட்டா தேவாலயத்துப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் பக்கத்து ஊரான மொந்தெரோஸ்ஸோ போகும் பாதையில் கொஞ்சம் ஏறுங்கள். எல்லாரும் அங்கே நின்று ஊரைத்தான் படமெடுப்பார்கள். தயவுசெய்து திரும்பி மலையைப் பாருங்கள். சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர், அதற்கு மேலே ஒரு முழத் துண்டு மண்ணில் திராட்சைக்கொடி, மறுபடி சுவர். 1997-இல் யுனெஸ்கோ இந்தக் கரையைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இந்த அடுக்குகளும் ஒரு காரணம். விவசாயத்தை விட்டுவிட்டு ஜனங்கள் வெளியேற வெளியேற, பார்த்துக்கொள்ள ஆளில்லாத சுவர்கள் சரிய ஆரம்பித்தன. 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் மலையிலிருந்து மண்ணும் கல்லும் இறங்கி, நீங்கள் நடக்கப்போகிற அதே தெருவில் கடைகளையே மூடிவிட்டது. வெர்னாஸாவில் மட்டும் 3 பேர் இறந்தார்கள். அதனால் ஒயினோ தேனோ வாங்குவதென்றால் அந்தச் சரிவில் விளைவிப்பவரிடமே வாங்குங்கள், சுவரைக் கட்டிக்காப்பவர் கைக்குப் பணம் போகட்டும்.

அக்டோபர் மழைக்காலம் என்பதையும் மறக்க வேண்டாம். எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடினால் மூடினதுதான், தாண்டிப் போகாதீர்கள். பாதைக்கு டிக்கெட் உண்டு, செருப்பு கூடாது, ஷூ போடுங்கள்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: கவலையே வேண்டாம். துளசி இனத்து இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோ சாஸுக்கு இந்த ஊர்கள் இருக்கும் லிகூரியா பகுதிதான் தாய்வீடு. கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் ஃபரினாட்டா அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். ஃபொக்காச்சா ரொட்டி வாங்கும்போது மட்டும் மேலே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், அந்தப் பக்கம் நெத்திலிக்குப் பேர்போனது.