மரக்காலைக்காரர் மகளும் காட்டுக் கணக்கும்

அம்மா, போன வெள்ளிக்கிழமை மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்க மகளோடு வந்துவிட்டுப் போகும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "காட்டைப் படிச்சா நாளைக்கு என்னத்தச் சாப்பிடுற சேர்?" வெளியே அடுத்த பிள்ளை காத்திருந்ததால் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன். கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அவர் மரக்காலையில் வேலை செய்கிறவர். ஒரு முதிரை மரத்தைப் பார்த்தால் எத்தனை கன அடி தேறும், என்ன விலை போகும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். மகள் கேட்பது மறுபக்கக் கேள்வி: அதே மரம் வெட்டாமல் நின்றால் என்ன விலை? அவள் படிக்க ஆசைப்படும் இயற்கை வளப் பொருளியல் இதுதான். மரம் நடுவிழாவோடு இதைக் குழப்ப வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஈரம் வற்றிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காபன். காய்ந்த எடை ஒரு தொன் வரும் மரத்தை எரித்தால் சுமார் 1.8 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். அதை வெளியே விடாமல் வைத்திருப்பதற்குத் தொன்னுக்கு 10 டொலர் என்று வைத்தால், நிற்பதற்காக அந்த மரத்துக்குக் கிடைப்பது 18 டொலர். முதிரைப் பலகையின் விலை தெரிந்த உங்கள் கணவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். அவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வெப்பவலயக் காடுகள் பெரும்பாலும் பலகைக்காக அழிவதில்லை. பயிருக்கும் மாட்டுக்கும்தான் அழிகின்றன. மேய்ச்சல்தரை என்றால் நமக்கு மட்டக்களப்பின் மயிலத்தமடுவும் மாதவனையும் நினைவுக்கு வரும். அமேசனிலோ, காட்டை வெட்டி எரித்து உண்டாக்கிய நிலத்தில் பெரும்பகுதிதான் மேய்ச்சல்தரை. அதன் வருமானம் சொற்பம். ஒரு ஹெக்டேயரில் 100 தொன் காய்ந்த மரம் இருந்தால், அதே 10 டொலர் கணக்கில் காடு 1,800 டொலர் பெறுமதியான காபனைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் வெட்டுகிறார்கள்? மாட்டுக் காசு வெட்டியவன் பைக்குப் போகிறது, காபனின் நன்மை உலகம் முழுவதுக்கும் போகிறது, அதற்கு அவனுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அப்புறம் காலம். 30 வருடம் கழித்து வரும் ஒரு லட்சம் ரூபா, பத்து வீத வட்டியில் பார்த்தால், இன்றைக்கு 5,700 ரூபாவுக்குச் சற்றுக் கூட. கடன் நெருக்கும் வீட்டில் எது வெல்லும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு வழி தேடுவதுதான் இந்தத் தொழில். சீமா ஜெயச்சந்திரன் என்ற பொருளியலாளரும் கூட்டாளிகளும் உகண்டாவில் 121 கிராமங்களை எடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிக் கிராமங்களில் மட்டும், மரத்தை வெட்டாமல் விடும் காணிக்காரருக்கு ஹெக்டேயருக்கு வருடம் 28 டொலர். இரண்டு வருடத்தில் காசு கொடுக்காத கிராமங்களில் மரப்பரப்பு 9.1 வீதம் குறைந்தது. கொடுத்த கிராமங்களில் 4.2 வீதம்தான். 2017 இல் வெளிவந்த ஆய்வு இது. பிரேசில் வேறு வழியில் போனது. சட்டப்படி நடக்கிறோம் என்று காட்டாத அமேசன் பண்ணையாருக்கு 2008 முதல் விவசாயக் கடன் கிடைப்பதை இறுக்கினார்கள். காட்டைக் காப்பாற்றியதில் துவக்கோடு நிற்கும் காவலாளிக்கு மட்டுமல்ல, வங்கிக் கவுண்டரில் இருந்தவருக்கும் பங்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அது.

எல்லாம் சுத்தமான வியாபாரம் என்று சொல்லமாட்டேன். எப்படியும் வெட்டப்படாமல் இருந்திருக்கும் காட்டைக் காட்டிக் காபன் கிரெடிட் (காபனை வெளியே விடாமல் காத்ததற்கு விற்கும் சான்று) விற்றால் அது வெறும் காற்றை விற்பதுதான். 2023 இல் இப்படியான 26 காடு காக்கும் காபன் திட்டங்களை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்று கண்டார்கள். மகளிடம் நான் சொன்னது: இந்தப் பொய்யைப் பிடிக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் வேலை இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். வன இலாகாவில் வெற்றிடம் கொஞ்சம். அதை மட்டும் நம்பிப் படிக்கக் கூடாது. ஏற்றுமதிக் கம்பனிகளைப் பாருங்கள். 2020 முடிவுக்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த இறப்பரையும் கோப்பியையும் வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் சட்டம் போட்டது. நடைமுறைத் திகதியைத் தள்ளிப்போட்டாலும், விளைந்த காணியை வரைபடத்தில் காட்டும் வேலை இருக்கவே இருக்கிறது. சர்வதேச நிறுவனங்களிலும் இடமுண்டு, ஆனால் இரண்டு மூன்று வருட ஒப்பந்தம்தான். சுனாமிக்குப் பிறகு வந்த என்ஜிஓ வேலைகள் எப்படிப் போயின என்று நாம் பார்த்தவர்கள்தானே. ஓய்வூதியம்தான் முக்கியம் என்றால் இது உங்களுக்குச் சரிவராது. அதை இப்போதே பேசிவிடுங்கள்.

மருத்துவத்துக்காக உயர்தரப் பரீட்சையை மூன்றாம் முறை எழுத வைக்கும் யோசனையை விடுங்கள் என்பதே என் கருத்து. இரண்டு முறையும் பௌதிகவியல்தான் அவளை இழுத்தது. மூன்றாம் முறை அது மாறும் என்பதற்கு ஓர் அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் அவளுடைய இஸட் புள்ளிக்கு விவசாய பீடத்தை முதலில் போடலாம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகம் என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம், பேராதனை கிடைத்தால் அனுப்பிவிடுங்கள். ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியலுக்கும் சூழல் விஞ்ஞானத்துக்கும் தனித் துறையே இருக்கிறது. பட்டத்தின் பெயர் எதுவானாலும் புள்ளிவிபரவியலையும் பொருளியலையும் அவள் விடக் கூடாது. ஆங்கிலத்துக்கு இன்றே ஆளைத் தேடுங்கள்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். சென்டினல், லான்ட்சாட் செய்மதிப் படங்கள் இலவசம். அவற்றை வைத்து வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். பழைய லேப்டொப் போதும். மட்டக்களப்பு வாவிக் கரையின் கண்டல் காடு பத்து வருடத்தில் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று அவளே வரைந்து பார்க்கட்டும். கண்டலில் காபனின் பெரும்பகுதி சேற்றுக்குள்தான் இருக்கிறது, படத்தில் தெரியாது. அந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு என்னிடம் வரட்டும்.

வருகிற சனிக்கிழமை கணவரையும் கூட்டிவாருங்கள். மரக் கணக்கில் அவரிடம் நான் கேட்க வேண்டியவை சில உண்டு.