தேதி போட்ட பணம்: ஹராரேக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, ஹராரேயில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளத்தில் எழுபது சதவீதம் அமெரிக்க டாலர், மீதி முப்பது உள்ளூர்ப் பணமான ஸிக் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறார்கள், ஜிம்பாப்வே என்றாலே அந்த நூறு டிரில்லியன் நோட்டுதான் ஞாபகம் வருகிறது, இன்னும் அப்படித்தானா, கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்தது 2006 தொடக்கத்தில். அன்றிலிருந்து ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அந்த சைபர்களை என் கையாலேயே எழுதியவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயப்படாமல் வாருங்கள். கடைகளில் சாமான் இருக்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் பெரும்பாலும் டாலரில்தான் ஓடுகிறது. 2030 கடைசி வரை டாலர் செல்லும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு யோசனை வேண்டியது அந்த முப்பது சதவீதத்தைப் பற்றித்தான். அது ஏன் என்று புரிய பழைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

நான் வந்த புதிதில் கையில் கொடுத்ததற்குப் பெயர் நோட்டே இல்லை. 'பேரர் செக்' என்பார்கள். இன்ன தேதி வரைக்கும்தான் செல்லும் என்று அதிலேயே அச்சடித்திருக்கும், மாத்திரை அட்டையில் போட்டிருப்பதைப் போல. முதல் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே வருடம் ஆகஸ்டில் மூன்று சைபரை வெட்டினார்கள். 2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பத்து சைபர். 2009 பிப்ரவரியில் இன்னும் பன்னிரண்டு. ஆக இரண்டரை வருடத்தில் இருபத்தைந்து சைபர் போயிற்று. கால்குலேட்டரில் இடம் போதாது. அத்தனை இலக்கத்தைத் தாங்காமல் ஏடிஎம்கள் நின்று போயின. எங்கள் பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'ஒன்பது சைபர் சேர்த்துப் படிக்கவும்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தோம்.

2008 ஆகஸ்டில் பத்து சைபரை வெட்டியபோது பழைய நாணயங்களையும் மறுபடி செல்லுபடியாக்கினார்கள். பல வருடமாக எதற்கும் உதவாமல் கிடந்த காசுகள் அவை. பக்கத்து வீட்டு அம்மா தகரப் பெட்டி ஒன்றைத் தரையில் கவிழ்த்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொறுக்கினார். பொறுக்கியதை அன்று மாலைக்குள் செலவழித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அத்தனை அவசரம்.

நீங்கள் சொல்லும் நூறு டிரில்லியன் வந்தது 2009 ஜனவரியில். நம் கணக்கில் அது கோடி கோடி, ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வருவது. ஹராரேக்குப் பக்கத்து எப்வொர்த்தில் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் பாறைகளின் படம் போட்ட அழகான நோட்டு. அதற்குள் கடைக்காரர்கள் உள்ளூர்ப் பணத்தைத் தொடுவதையே விட்டிருந்தார்கள். பெட்ரோல் கூப்பன்தான் பணமாகக் கைமாறியது.

இத்தனைக்கும் காரணம் ஒரு நாளில் வந்ததில்லை. 1997-இல் முன்னாள் போராளிகளுக்குக் கொடுத்த பெரிய தொகை, அடுத்த வருடம் காங்கோ போர்ச் செலவு, 2000-க்குப் பிறகு பண்ணைகள் கைமாறி விளைச்சலும் ஏற்றுமதியும் விழுந்தது, பற்றாக்குறைக்கெல்லாம் நோட்டு அச்சடித்தது. 2007 ஜூனில் விலைகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு மூன்று நாள் கடைகளில் கூட்டம் நெரிந்தது, அப்புறம் அலமாரிகள் காலி. வாங்கிய விலைக்கும் கீழே விற்றவர் எதைக் கொண்டு மறுபடி சரக்கு எடுப்பார்?

சைபர் எத்தனை இருந்தாலும் இரண்டு வாரத்தில் பழகிவிடும், தம்பி. பணம் ராத்திரி தாண்டாது என்பதற்குத்தான் என்னால் பழகவே முடியவில்லை. 2008 நவம்பர் நடுவில் ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒருமுறை விலை இரட்டிப்பானது. காலையில் கொம்பி வேனில் வந்த கட்டணம் சாயங்காலம் திரும்ப ஏறும்போது இருக்காது. சம்பள நாளில் மனைவிமார் கம்பெனி வாசலிலேயே நிற்பார்கள். உள்ளே பணக்கட்டை வாங்கியவர் எண்ணாமல் அப்படியே வெளியே நீட்டுவார், அவர்கள் ஓடுவார்கள். எண்ணெயோ சோப்போ சர்க்கரையோ, கிடைத்ததை வாங்கிவிட வேண்டும். வீட்டுக்குத் தேவையா என்பது அப்புறம். பிறகு எங்கள் கம்பெனி சம்பளத்தில் ஒரு பங்கை மக்காச்சோள மாவாகவே கொடுக்க ஆரம்பித்தது. அன்றுதான் எல்லோர் முகத்திலும் கொஞ்சம் நிம்மதி பார்த்தேன்.

கிடங்கில் ஒரு பெரியவர் இருந்தார். இங்கே வயதானவர்களை 'செகுரு' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். முப்பத்தொரு வருட உழைப்பு, வங்கியில் சேமிப்பு. 2015-இல் பழைய கணக்குகளை முடித்துக் கொடுத்தார்கள். 175 குவாட்ரில்லியன் உள்ளூர் டாலர் வரை, அதாவது 175-க்குப் பின் பதினைந்து சைபர் வரை, எவ்வளவு வைத்திருந்தாலும் ஐந்து அமெரிக்க டாலர். செகுரு பாஸ்புக்கைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, கணக்கில் ஏதோ தப்பு இருக்கும், பார்த்துச் சொல் என்று என் மேசையில் வைத்தார். நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். தப்பு இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

2009-இல் டாலருக்கு மாறியபோது ஊரே மூச்சு விட்டது. சில்லறைதான் கிடையாது. மீதிக்கு மிட்டாய், பேனா, தீப்பெட்டி, இல்லையென்றால் துண்டுச் சீட்டு. 2016 நவம்பரில் டாலருக்குச் சமம் என்று சொல்லி 'பாண்ட் நோட்டு' வந்தது. வங்கியில் எங்கள் பெயரில் 6,000 டாலர் இருந்தது, டாலர் என்றே நம்பினோம். 2019 பிப்ரவரியில் அது உள்ளூர்ப் பணமாகி, ஒரு டாலருக்கு 2.5 என்று கணக்கிட்டபோது 2,400 ஆயிற்று. எடுத்து அனுப்புவதற்குள் இன்னும் தேய்ந்துவிட்டது. என் மகளின் கல்லூரிக்கு வைத்திருந்த பணம் அது.

இப்போது ஸிக். 2024 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 13.56 என்று ஆரம்பித்தார்கள், தங்கத்தின் பின்பலம் உண்டு என்றார்கள். செப்டம்பர் 27-இல் ஒரே நாளில் மதிப்பை 43 சதவீதம் குறைத்து ஏறக்குறைய 24.4-க்குக் கொண்டுவந்தார்கள். ஏப்ரலில் ஸிக்கில் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தப் பங்கில் கிட்டத்தட்ட பாதி போயிற்று.

அதனால் அவர்களிடம் ஒன்று கேளுங்கள். முழுச் சம்பளத்தையும் டாலரில் எழுதச் சொல்லுங்கள். முப்பது சதவீதத்தை ஸிக்கில் கொடுப்பதானால், சம்பளம் போடும் நாளின் விலைக்கு மாற்றித் தருவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சரி என்றால் கையெழுத்துப் போடலாம். டாலர் பங்கு 'நாஸ்ட்ரோ' கணக்கில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை அப்படியே வைத்திருக்கும் வங்கிக் கணக்கில், விழ வேண்டும், பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஸிக் வந்த வாரமே மின்கட்டணம், மளிகை என்று செலவழித்துவிடுங்கள். தெருவில் மாற்றித் தருகிறேன் என்று வருபவர்களிடம் போகாதீர்கள், அது சட்டவிரோதம்.

வரும்போது ஒன்று, இரண்டு, ஐந்து டாலர் தாள்களாக நிறையக் கொண்டுவாருங்கள். அழுக்காக இருந்தால் வாங்கிக்கொள்வார்கள், கிழிந்திருந்தால் பல கடைகளில் வாங்கமாட்டார்கள்.

விக்டோரியா அருவிக்குப் போனால் அந்த நூறு டிரில்லியன் நோட்டை நினைவுப் பொருளாக விற்பார்கள். வாங்குங்கள், விற்பவருக்கும் பிழைப்பு. ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், தம்பி. கையெழுத்து வாங்க உங்கள் மேசைக்கு வருபவர்களில் செகுருவின் வயதுக்காரர்களும் இருப்பார்கள்.