'இன் கைண்ட்' என்பதில் கனிவு இல்லை

வணக்கம். எங்கள் வட்டாரத் தொண்டூழியர் குழு உணவுப்பொருள் வழங்குகிறது. அதன் அறிவிப்பைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. சாரிட்டி, பிலாந்த்ரபி, பெனவலன்ஸ் எல்லாவற்றுக்கும் அகராதி தர்மம், ஈகை, கருணை என்றே மாற்றி மாற்றிக் காட்டுகிறது. 'டொனேஷன்ஸ் இன் கைண்ட்' என்பதை 'கனிவுடன் தரும் நன்கொடை' என்று எழுதியிருக்கிறேன். சரியா?
வாசகி, யீஷூன்

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் கேட்டதை அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள். அந்த 'கைண்ட்' வகை என்ற பொருளில் வருவது. கனிவுக்கு அங்கே வேலையில்லை. பணமாக இல்லாமல் அரிசி, எண்ணெய், பால்மாவு என்று கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'பொருளாகத் தரும் நன்கொடை' போதும்.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஐபிசி தகுதி (நன்கொடைக்கு வரிக்கழிவு ரசீது தரும் அனுமதி) உள்ள அமைப்புக்கு ரொக்கமாக 100 வெள்ளி கொடுத்தால், 2026 இறுதிவரை, 250 வெள்ளி வரிக்கழிவு உண்டு. அரிசி மூட்டைக்குக் கிடையாது. வரிக்கழிவை 'வரித் தள்ளுபடி' என்று எழுதிவிட்டால் அடுத்த வம்பு: கட்டவேண்டிய வரியிலேயே 250 வெள்ளி குறையும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். கழிவது வருமானத்திலிருந்து. அந்தத் தொகைக்கு 7 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 17.50 வெள்ளிதான். இன்னொன்று, சாரிட்டியாகப் பதிவு செய்திருப்பதாலேயே இந்தக் கழிவு வந்துவிடாது. பதிவு வேறு, ஐபிசி வேறு. பதிவு பெற்ற அமைப்பை 'அறநிறுவனம்' என்று எழுதுங்கள்.

சாரிட்டி இடத்துக்கு இடம் நிறம் மாறும் சொல். லத்தீன் வேரில் அது அன்பு. 1611 ஆங்கில பைபிளில் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் சாரிட்டி என்று சொல்வது தமிழ் பைபிளில் 'அன்பு'. ஆனால் ஒருவர் கோபத்தோடு 'உன் சாரிட்டி எனக்கு வேண்டாம்' என்றால், தமிழில் வருவது 'உன் தயவு எனக்கு வேண்டாம்'. அங்கே தர்மம் என்று போட்டால் வசனமே செத்துவிடும்.

பெனவலன்ஸ், பெனிஃபிசன்ஸ் இரண்டையும் குழப்பாதீர்கள்: முன்னது நல்லதை நினைப்பது, பின்னது செய்வது. பிலாந்த்ரபிக்குக் 'கொடை' பொருந்தும். பள்ளிக்கும் ஆய்வுக்கும் திட்டமிட்டுப் பெருந்தொகை தருவது அது. ஈகை வேண்டாம். வறியவர்க்குத் தருவது மட்டுமே ஈகை என்று வள்ளுவர் 221ஆம் குறளில் வரம்பு கட்டிவிட்டார். 'டு-குடர்' கண்ணில் பட்டால் எச்சரிக்கை. 'நன்மை செய்பவர்' என்று பாராட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது கிண்டல். 'ஊருக்கு உபகாரி' என்று இழுத்துச் சொன்னால் தொனி வந்துவிடும்.

உங்கள் அறிவிப்பில் 'ஏழைகளுக்குத் தர்மம்' என்ற வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 'உணவுப்பொருள் பெற்றுக்கொள்ள வருவோர்' என்று போடலாம். வரிசையில் நிற்பவர் கையிலும் அதே தாள்தானே இருக்கும்.