தேர் வீதியில் நடக்க இடம்

வணக்கம் சார்,

எனக்குத் திருவாரூர். போன மாதம் அம்மா பூ வாங்கிக்கொண்டு கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது ஒரு பைக் இடித்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஓட்டியவன் ப்ளஸ் டூ பையன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "வயசானவங்க, பார்த்து நடந்திருக்கலாம்." எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். இடிப்பவர்களுக்குக் கடும் சிறைத் தண்டனை வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. மனுநீதிச் சோழன் ஊர் என்பதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம். படித்துத் திருத்தித் தருவீர்களா?

ரேவதி, திருவாரூர்

அன்புள்ள ரேவதி,

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாரா?

மனுவைப் படித்தேன். கோபம் நியாயமானது என்பதால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் தண்டனை பற்றிய இரண்டு பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திலேயே வந்துவிட்டது. ஆள் செத்துப்போகும்படி இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்று புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் எழுதினார்கள். அதை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 1 அன்று சட்டத்தில் மற்றதெல்லாம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். இன்னொரு பூஜ்யம் சேர்த்துக் கேட்டாலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

மனுநீதிச் சோழனுக்கு வருவோம். சேக்கிழார் சொல்கிற கதையில் அமைச்சர்கள் பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள், அரசன் ஏற்கவில்லை. பெற்ற மகன் மேலேயே தேரை ஓட்டுகிறான். நீதி என்றால் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் ஈசன் வந்து கன்றையும் உயிரோடு எழுப்பித் தருகிறார் அல்லவா? நமக்கு அந்த வசதி கிடையாது. பையனை உள்ளே தள்ளினாலும் அம்மாவின் எலும்பு சீக்கிரம் கூடிவிடப் போவதில்லை.

உங்கள் ஊரில் இன்னொரு தேர் இருக்கிறதே, அதை மனுவில் எழுதுங்கள். ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்திருக்கிறது. அப்படியும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு கூடவே நடந்து வருகிறார்கள். (பேச்சில் 'முட்டுக்கட்டை போடாதே' என்று திட்டுகிறோம், பாருங்கள்.) அத்தனை பெரிய வண்டி மனிதர்கள் நடக்கிற வேகத்தில்தான் போகிறது. அன்றைக்கு வீதியில் பைக் நிற்பதில்லை, கடைகளின் நீட்டல் உள்ளே போய்விடுகிறது, மின்கம்பியைக்கூடக் கழற்றிவிடுகிறார்கள். நான்கு வீதிகளும் உண்மையில் எவ்வளவு அகலம் என்பது அந்த ஒருநாள்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆக, இடமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

என் பெரியப்பா டெல்டாவில் இன்னொரு ஊரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு வளைவில் அடிபட்டார். டைம் பிடிக்க ஓடிய மினி பஸ். ஆறு வருஷம் கேஸ் நடந்தது, இழப்பீடும் வந்தது. அதற்குள் அதே வளைவில் இன்னும் இரண்டு பேர். ஓட்டுநர் மாறினார், பஸ் மாறியது, வளைவு மட்டும் அப்படியே இருந்தது. பிறகு யாரோ அலைந்து திரிந்து ஒரு வேகத்தடை போட வைத்தார்கள். இப்போது பெரியம்மாவே அங்கே தனியாக ரோட்டைக் கடக்கிறார்.

அந்த 'பார்த்து நடக்கலாமே'வுக்கும் ஒரு பதில். 2022இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அத்தனை பேரும் பார்க்காமலா நடந்தார்கள்? நம் பக்கத்து ஊர்களில் நடைபாதை என்றால் சாக்கடைக்கு மேல் போட்ட சிலாப். அதுவும் முழங்கால் உயரம். அம்மா வயதில் யார் ஏறுவார்கள்? ரோட்டில் இறங்கித்தான் நடப்பார்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது; தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் நான்கு வீதிகளையும் கடைத்தெருவையும் அளந்து, எண்களை மனுவில் போடுங்கள். பத்து ஆவேச வாக்கியத்தைவிட அது அதிகாரிகளைச் சங்கடப்படுத்தும்.

2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லியிருக்கிறது. அதை முதல் பத்தியில் வையுங்கள். அப்புறம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு: சாலையின் வடிவமைப்போ பராமரிப்போ தரக்குறைவாக இருந்து அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சின்னதுதான். ஆனால் 'ரோடும் குற்றவாளி ஆகலாம்' என்று ஒப்புக்கொள்கிற பிரிவு அது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

மனுவை யாரிடம் கொடுப்பது என்று கேட்கவில்லை, ஆனால் அதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே தெருவில் பாதி நகராட்சி, பாதி நெடுஞ்சாலைத் துறை என்று இருக்கும். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். எந்த ரோடு யாருடையது என்று முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று உண்டு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுக்கும்போது அந்தக் குழுவின் பெயருக்கே எழுதி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அளக்கப் போகும்போது அம்மா வயதுள்ள இரண்டு பேரைக் கூட அழைத்துப் போங்கள். எந்தச் சிலாப் ஆடும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். புது மனுவை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.