பெரியப்பாவின் கப்பல் கடிகாரம்

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா ஒரு மரப்பெட்டியை விட்டுச்சென்றிருக்கிறார். உள்ளே பித்தளைக் கடிகாரம். பெட்டியைச் சாய்த்தாலும் முகப்பு மேல்நோக்கியே நிற்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டு ஓடவைக்கலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மணி! எண்ணெயை எடுத்து உள்ளே வையுங்கள். உங்களிடம் இருப்பது குரோனோமீட்டர். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று சொன்ன கருவி. நேரம் 4 விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் கணக்கு ஒரு கடல்மைல் தவறிவிடும். ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் செய்த நான்காவது கடிகாரம், 1761-இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட பயணத்தில் ஏறத்தாழ 5 விநாடிதான் பின்தங்கியது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பிற்காலப் பெட்டிக் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வழிகாட்டியது ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் தாமஸ் எர்ன்ஷாவின் அமைப்பு. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும். காதை வைத்துக் கேட்டால் அரை விநாடிக்கு ஒரு 'டிக்'. அந்தப் பற்களுக்கு எண்ணெயே கூடாது; அதுதான் அதன் பெருமை. தேங்காய் எண்ணெயோ மார்கழிக் குளிரில் உறைந்துவிடும்.

முகப்பில் 0 முதல் 56 வரை சிறு வட்டம் இருக்கிறதா, பாருங்கள். சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று அது காட்டும். முகப்பில் உள்ள பெயர் விற்றவருடையதாகவும் இருக்கலாம், செய்தவர் வேறு.

ஈரோட்டில் என் கடைக்கு ஒருவர் இப்படியொன்றை ஓடும் நிலையிலேயே பைக்கில் கொண்டுவந்தார். ஸ்பிரிங் முறிந்திருந்தது. நீங்கள் பேலன்ஸ் சக்கரத்தை (இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) ஆப்பு வைத்து நிறுத்தாமல் பெட்டியை நகர்த்தாதீர்கள். அந்த வேலையையும் தெரிந்தவரை வீட்டுக்கு அழைத்தே செய்யுங்கள்.